குறியும் அறிகுறியும்: சீட்டில் வழி தேடும் மனம்

2024ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், மக்களவைத் தேர்தல் பரப்புரை நடந்துகொண்டிருந்த வேளை. பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களை அடுத்துள்ள கடலூர்த் தொகுதியில், பாட்டாளி மக்கள் கட்சியின் வேட்பாளரும் திரைப்பட இயக்குநருமான தங்கர் பச்சான், கோயிலருகே அமர்ந்திருந்த கிளி ஜோசியர் ஒருவரிடம் தம் வெற்றி வாய்ப்பைக் கேட்டார். கிளி எடுத்த சீட்டு நல்ல பலனைச் சொல்லிற்று. அக்காட்சி நாடெங்கும் பரவவே, கிளியைக் கூண்டில் அடைத்து வைப்பது சட்டப்படி குற்றம் என்று கூறி வனத்துறையினர் கிளிகளைக் கைப்பற்றினர். ஜோசியரும் கைதாகிப் பின்னர் விடுவிக்கப்பட்டார். ஜூன் மாதம் வாக்குகள் எண்ணப்பட்டபோது வேட்பாளர் தோல்வியுற்றார். பிறர் எதிர்காலத்தை எடுத்துக் கொடுத்த கிளிக்கும் அதை வாசித்துச் சொன்னவருக்கும், தம்மைத் தேடி யார் வரவிருக்கிறார்கள் என்பது மட்டும் தெரியாமற் போயிற்று.

இதைக் கேட்டு நகைத்துவிட்டுக் கடந்து செல்வது எளிது. நகைப்பதற்கு நமக்குள்ள தகுதி என்ன என்று கேட்டுக்கொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பேருந்து நிலையங்களின் ஓரத்திலும் சந்தைத் திடல்களிலும் கிளிக் கூண்டுடன் அமர்ந்திருப்போர் இன்று வெகுவாக அருகிவிட்டனர். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதன் பிற்காலத் திருத்தங்களும் அத்தொழிலை ஒடுக்கின. ஆனால் சீட்டு மறையவில்லை; இடம் மாறிற்று. 'டாரட்' எனப்படும் மேலைநாட்டுச் சீட்டு ஜோசியம் கைப்பேசித் திரையின் வழியே, தமிழ் மொழியிலேயே, வீட்டுக்குள் வந்து சேர்ந்திருக்கிறது. திரையில் மூன்று கட்டுகளைக் காட்டி, ஒன்றை மனத்தில் தேர்ந்துகொள்ளச் சொல்கிறார்கள். பிறகு ஒவ்வொரு கட்டுக்கும் உரிய பலனை வாசிக்கிறார்கள். பழைய கிளிக்காரர் எதிரே அமர்ந்திருந்த ஒருவருடைய முகத்தையேனும் பார்த்துப் பேசினார். இங்கே முகமறியாப் பல்லாயிரவருக்கு ஒரே பலன் பகிர்ந்தளிக்கப்படுகிறது. படித்த இளையோர் இதற்கு ஒரு சமாதானமும் வைத்திருக்கின்றனர்: இது எதிர்காலம் அறிவதற்கன்று, தன்னைத் தான் அறிவதற்கு என்கின்றனர். அந்தச் சமாதானத்தையும் நாம் நேர்மையாக எடைபோட்டுப் பார்க்க வேண்டும்.

சீட்டு வந்த வழி

முதலில் இச்சீட்டுகளின் வரலாறு. டாரட் கட்டில் 78 சீட்டுகள் உண்டு. அவற்றுள் 56 சீட்டுகள், நாம் அறிந்த விளையாட்டுச் சீட்டுகளைப் போன்று நான்கு இனங்களாகப் பிரிந்தவை. எஞ்சிய 22 சீட்டுகள் அரசி, துறவி, மரணம், கோபுரம், சூரியன் முதலான உருவங்களைத் தாங்கியவை. இக்கட்டு 15ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில், மிலான் போன்ற நகரங்களின் பிரபுக்கள் அவையில், விளையாட்டுக்கென உருவானது. அதன் மூலமான நான்கினச் சீட்டுகள் ஐரோப்பாவுக்குச் சென்றதோ 14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், மம்லூக் சுல்தான்களின் எகிப்திலிருந்து. இஸ்தான்புல் தோப்காப்பி அரண்மனையில் பாதுகாக்கப்படும் மம்லூக் சீட்டுக் கட்டை 1931ஆம் ஆண்டு எல்.ஏ. மேயர் என்ற அறிஞர் கண்டறிந்தார். கோப்பை, நாணயம், வாள், போலோ கோல் என்பன அதன் நான்கு இனங்கள். மனித உருவம் எதுவுமின்றி, அழகிய எழுத்தும் பூவேலையும் கொண்டு அமைந்தவை அச்சீட்டுகள். அரசன், அரசனின் நாயிப், இரண்டாம் நாயிப் என்பன அவற்றின் உயர் சீட்டுகள். நம்மூர்களில் 'நாயிப் காஜி' என்று வழங்குகிறோமே, அதே சொல்தான் ஸ்பானிய மொழியில் சீட்டைக் குறிக்கும் 'நைப்பெஸ்' என்ற சொல்லாக இன்றும் வாழ்கிறது.

ஏறத்தாழ மூன்றரை நூற்றாண்டுக் காலம் டாரட் பெரும்பாலும் விளையாட்டாகவே இருந்தது. 1781ஆம் ஆண்டில்தான் கூர் தெ ஜெபலின் என்ற பிரெஞ்சு எழுத்தாளர், இச்சீட்டுகள் பண்டைய எகிப்தியப் பூசாரிகளின் இரகசிய ஞானத்தை மறைத்து வைத்திருக்கும் ஏடு என்று எழுதினார். எகிப்திய எழுத்தைப் படிக்கும் வழியை ஷாம்போலியன் கண்டறிந்தது 1822ஆம் ஆண்டில். அதாவது, எகிப்திய மொழியில் ஒரு வரியும் வாசிக்க இயலாதிருந்த காலத்தில் எழுந்த ஊகம் அது. அதற்குப் பின் சில ஆண்டுகளிலேயே 'எத்தெய்யா' என்ற புனைபெயர் கொண்ட ஒருவர் சீட்டைக் கொண்டு குறி சொல்லும் முறையை நூலாக்கித் தொழிலாகவும் நடத்தினார். இன்று உலகெங்கும் பெரிதும் வழங்கும் கட்டு 1909ஆம் ஆண்டு லண்டனில் வெளியானது. ஆர்தர் எட்வர்டு வெயிட் வகுத்துக் கொடுக்க, பமேலா கோல்மன் ஸ்மித் என்ற ஓவியர் வரைந்தார். பழமையான ஞானம் என்று சொல்லப்படுவது பெரும்பாலும் இருநூற்று நாற்பதாண்டுக் கற்பனை என்பதை ஆக்ஸ்போர்டு மெய்யியலாளர் மைக்கேல் டம்மெட் 1980இல் வெளியிட்ட பெருநூலில் விரிவாக நிறுவியிருக்கிறார். அவருக்கு டாரட்டின் மீது வெறுப்பில்லை. அதை விளையாட்டாக நேசித்த அறிஞர் அவர் என்பது குறிப்பிடத்தக்கது.

நம் வீட்டுச் சீட்டு

இந்த வரலாற்றைக் கொண்டு, இது மேற்கிலிருந்து வந்த நோய் என்று முடித்துவிட முடியுமானால் நமக்கு வசதிதான். அவ்வாறு முடிக்க நம் வரலாறு இடந்தரவில்லை.

16, 17ஆம் நூற்றாண்டுகளில் ஸபவிய ஈரானிலும் உஸ்மானியத் துருக்கியிலும் 'ஃபால்நாமா' என்ற சகுன நூல்கள் அரசவைகளுக்கென எழுதப்பட்டன. ஒரு பக்கம் பெரிய ஓவியம். எதிர்ப்பக்கம் அதற்குரிய பலன். கேட்பவர் தூய்மை செய்துகொண்டு, மனத்தில் கேள்வியை நிறுத்தி, நூலைத் திறந்து வந்த பக்கத்தைப் பலனாகக் கொள்வார். ஷா தஹ்மாஸ்பின் அவையில் ஒன்று உருவானது. உஸ்மானிய சுல்தான் முதலாம் அஹ்மதுக்காக மற்றொன்று தொகுக்கப்பட்டது. இத்தகைய நூல்களுக்கு இமாம் ஜஃபர் ஸாதிக் (ரஹ்) அவர்களின் பெயரைச் சூட்டுவதும் வழக்கமாயிற்று. நம் நாட்டிலோ, கவிஞர் ஹாஃபிஸின் திவானைத் திறந்து குறி பார்க்கும் பழக்கம் மொகலாயப் பேரரசர்களிடமும் இருந்தது. பாட்னாவின் குதா பக்ஷ் நூலகத்தில் உள்ள திவான் பிரதி ஒன்றின் ஓரங்களில், தாம் குறி பார்த்த சூழ்நிலைகளை ஹுமாயூனும் ஜஹாங்கீரும் கைப்பட எழுதிய குறிப்புகளை இன்றும் காணலாம். படமும் பலனும் எதிரெதிரே அமைந்த ஃபால்நாமாவுக்கும் டாரட் சீட்டுக்கும் வேற்றுமை, ஒன்று நூலாகக் கட்டப்பட்டது, மற்றது கட்டப்படாதது என்பதே.

தமிழ் முஸ்லிம்களிடையே 'பால் கிதாபு' என்று வழங்கிய பழக்கம் இதன் எளிய வடிவம். திருட்டுப் போன பொருள், தகையாத வரன், வராத கடிதம் ஆகியவற்றுக்காகப் பால் கிதாபு பார்ப்பவரின் வாசலில் காத்திருந்தவர்களை நம் முந்தைய தலைமுறை நன்கறியும். இப்னு கல்தூன் 1377இல் எழுதிய முகத்திமாவில், நகரங்களில் மணலில் கோடு கிழித்தும் பிற முறைகளாலும் வருவது சொல்லிப் பிழைக்கும் ஒரு கூட்டத்தைப் பற்றியும், அவர்களை நாடி வரும் மக்களைப் பற்றியும் குறிப்பிடுகிறார். ஆறரை நூற்றாண்டுகளுக்குப் பின்னும் அந்தக் கடைத்தெரு மூடப்படவில்லை.

அம்பும் சீட்டும்

திருக்குர்ஆன் அல்மாயிதா அத்தியாயத்தின் மூன்றாவது வசனத்திலும் தொண்ணூறாவது வசனத்திலும் 'அஸ்லாம்' என்ற குறி அம்புகளைத் தடுக்கிறது. அறியாமைக் கால அரபியர் பயணம், வணிகம், திருமணம் போன்றவற்றுக்கு முன் இறகில்லா அம்புகளை உருவி, வந்ததற்கேற்பச் செய்தனர் அல்லது தவிர்த்தனர். பொருள் மரமா, காகிதமா, கிளியின் அலகில் வருவதா, விரலின் தொடுகையில் வருவதா என்பதில் செய்தி மாறுவதில்லை. மக்கா வெற்றியின்போது அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கஅபாவினுள் இப்ராஹீம் (அலை), இஸ்மாயீல் (அலை) ஆகியோரின் கையில் குறி அம்புகள் இருப்பதுபோல் தீட்டப்பட்ட உருவங்களைக் கண்டு, அவ்விருவரும் ஒருபோதும் அம்பெய்து குறி பார்த்ததில்லை என்று கண்டித்ததாக புகாரியில் பதிவாகியுள்ளது. தாம் செய்வதை முன்னோரின் கையில் திணித்து அதற்குப் புனிதம் தேடிக்கொள்வது மனித இயல்பு போலும். எகிப்தியப் பூசாரியின் கையில் டாரட்டைத் திணித்ததும், இமாம் ஜஃபரின் பெயரில் ஃபால்நாமாவை எழுதியதும் அதே செயலின் வேறு வடிவங்கள்.

ஹிஜ்ரத்தின்போது நபிகளாரைத் துரத்திச் சென்ற சுராக்கா பின் மாலிக்கின் வரலாறு இங்கு நினைக்கத்தக்கது. வழியில் அவர் அம்புகளை உருவிப் பார்த்தார். தமக்கு விருப்பமில்லாத அம்பே வந்தது. ஆயினும் குறைஷியர் அறிவித்த பரிசின் மீதிருந்த ஆசை அவரை நிற்க விடவில்லை. அம்பைப் புறக்கணித்துக் குதிரையைச் செலுத்தினார் என்று பிற்காலத்தில் இஸ்லாத்தைத் தழுவிய அவரே கூறியிருக்கிறார். குறி பார்ப்பவரின் உள்ளம் இந்த ஒரு நிகழ்ச்சியில் முழுமையாகத் தெரிகிறது. விரும்பிய விடை வரும்போது அது விதியின் குரலாகிறது. விரும்பாத விடை வரும்போது மறுபடி ஒரு சீட்டு எடுக்கப்படுகிறது. முடிவு முன்பே மனத்தில் இருக்கிறது. அதற்குப் பொறுப்பேற்க மட்டும் வேறொருவர் தேவைப்படுகிறார்.

நபிகளார் தம் பயணங்களின்போது துணைவியரிடையே சீட்டுக் குலுக்கவில்லையா, மர்யம் (அலை) அவர்களை வளர்க்கும் பொறுப்புக்காக எழுதுகோல்கள் போடப்படவில்லையா என்று வினவுவோர் உண்டு. அது 'குர்ஆ'. சம உரிமையுள்ள பலரிடையே ஒருவரைத் தேரும்போது, மனத்தாங்கல் எழாதிருக்கப் பகிர்ந்தளிக்கும் நீதிமுறை அது. எது நடக்கும் என்றோ எது நலம் என்றோ குர்ஆ சொல்வதில்லை. யார் முறை என்று மட்டுமே சொல்கிறது. அஸ்லாம் மறைவானதை அறிவிப்பதாகக் கூறிக்கொள்கிறது. வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்றுபோல் இருப்பினும் நோக்கத்தில் எதிரெதிரானவை.

தன்னை அறிதல் என்னும் வாதம்

இனி, சீட்டு என்பது உள்ளத்தைக் காட்டும் கண்ணாடி மட்டுமே என்ற வாதத்துக்கு வருவோம். இதில் உண்மையின் ஒரு கூறு உண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. ஒரு படத்தைக் கண்டு ஒருவர் தம் கதையைச் சொல்லத் தொடங்குவது நடக்கக்கூடியதே. வெயிட் தம் நூலில் விவரித்த, இன்றும் பெருவழக்கில் உள்ள பத்துச் சீட்டு விரிப்பு முறையை எடுத்துக்கொள்வோம். கேட்பவரைச் சூழ்ந்திருப்பது, குறுக்கே நிற்பது, அவர் நாடுவது, அடித்தளமாக இருப்பது, பின்னால் கழிந்தது, முன்னால் வருவது, அவர் தாமே, அவரது வீடு, அவரது நம்பிக்கையும் அச்சமும், இறுதியில் நிகழவிருப்பது என்று பத்து இடங்கள். இவற்றுள் ஆறாவதும் பத்தாவதும் வருவதைப் பற்றியன. மற்ற எட்டும் கேட்பவர் தம்மைப் பற்றித் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள். நல்ல கேள்விகளும் கூட.

அந்த எட்டுக் கேள்விகளுக்கு விடை காணச் சீட்டு எதற்கு என்பதே நாம் எழுப்பும் வினா. உள்ளத்தைக் கணக்கெடுக்கும் 'முஹாஸபா' நம் மரபில் ஒரு தனிக்கலை. 857ஆம் ஆண்டு மறைந்த பக்தாது ஞானி ஹாரிஸ் அல்முஹாஸிபீ (ரஹ்) அவர்களின் பெயரே அதிலிருந்து பிறந்தது. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) இஹ்யாவில் அதற்கென ஒரு தனி நூற்பகுதியை ஒதுக்கினார்கள். குறி சொல்லும் குறத்தியின் இலக்கிய வடிவத்தையே எடுத்து, அதில் ஞான விசாரணையை நிரப்பி 'ஞானரத்தினக் குறவஞ்சி' செய்தவர் நம் தக்கலை பீர்முகம்மது அப்பா (ரஹ்) அவர்கள். வருவது கேட்கும் இடத்தை, தன்னை விசாரிக்கும் இடமாக மாற்றிய அந்த முயற்சி, இன்று டாரட் கொண்டு தன்னை அறிய விழைவோரின் கண்ணில் படாமற் போனது நம் குறையேயன்றி அவர்கள் குறையன்று.

முஹாஸபாவுக்கும் சீட்டுக்கும் ஓர் அடிப்படை வேற்றுமை உண்டு. முஹாஸபாவில் விடையும் கேட்பவரிடமிருந்தே வரவேண்டும்; அவ்விடை பெரும்பாலும் கசக்கும். சீட்டில் விடை வெளியிலிருந்து வருகிறது, பெரும்பாலும் இனிக்கிறது. அமெரிக்க உளவியலாளர் பெர்ட்ரம் ஃபோரர் 1948ஆம் ஆண்டு தம் மாணவர் 39 பேருக்கு, அவரவர் குணத்தை ஆய்ந்து எழுதியது என்று கூறி ஒரு குறிப்பைக் கொடுத்து, அதன் பொருத்தத்துக்கு ஐந்துக்கு எத்தனை மதிப்பெண் என்று கேட்டார். சராசரி 4.26. அனைவருக்கும் கொடுக்கப்பட்டது ஒரே குறிப்பு. ஜோசியப் புத்தகத்திலிருந்து எடுத்த வாசகங்களால் ஆனது. திரையில் பல்லாயிரவருக்கு வாசிக்கப்படும் ஒரே பலன் எவ்வாறு ஒவ்வொருவருக்கும் தமக்கே சொன்னதாகத் தோன்றுகிறது என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டியதில்லை. இத்தகைய கண்ணாடி நம் முகத்தைக் காட்டுவதில்லை; நாம் விரும்பும் முகத்தைக் காட்டுகிறது.

கல் சொல்லும் சான்று

அப்படியானால் அடையாளங்களை வாசிப்பதே தவறா? அன்று. திருக்குர்ஆன் மீண்டும் மீண்டும் வானிலும் பூமியிலும் உள்ள அத்தாட்சிகளைப் பார்க்கச் சொல்கிறது. 'குறி' என்பதற்கும் 'அறிகுறி' என்பதற்கும் இடையே தமிழ் காட்டும் நுண்ணிய வேற்றுமை இங்கு நமக்கு உதவும். அறிகுறிக்கும் அது சுட்டும் பொருளுக்கும் காரணத் தொடர்பு உண்டு. காய்ச்சல் நோயின் அறிகுறி. மேகம் மழையின் அறிகுறி. சீட்டில் வரும் கோபுரத்துக்கும் ஒருவருடைய வேலைக்கும் அத்தகைய தொடர்பு எதுவுமில்லை.

இவ்வேற்றுமையை விளக்க இம்மாவட்டங்களைக் காட்டிலும் பொருத்தமான மண் வேறில்லை. அரியலூரின் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களிலும் பெரம்பலூர் மாவட்டத்துக் காரையின் செம்மண் ஓடைகளிலும் கிடைக்கும் கிளிஞ்சல்களும் நத்தைக் கற்களும், கிரீட்டேசியக் காலத்தில் இங்கே கடல் இருந்ததைக் கூறுகின்றன. சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்குக் கிடக்கும் கல்மரத்தை 1940ஆம் ஆண்டு இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் எம்.எஸ். கிருஷ்ணன் உலகறியச் செய்தார். அதன் வயது ஏறத்தாழ 12 கோடி ஆண்டுகள் என மதிப்பிடப்படுகிறது. கல்லை வாசிப்பதிலும் பிழை நேரும். 2020ஆம் ஆண்டு அக்டோபரில் குன்னத்தில் நீர்நிலை ஒன்றைத் தோண்டியபோது கிடைத்த உருண்டைக் கற்களை டைனோசர் முட்டைகள் என்று மக்கள் நம்பினர். செய்தி காட்டுத் தீயாய்ப் பரவிற்று. புவியியல் அறிஞர்கள் ஆராய்ந்து, அவை அம்மோனைட் என்னும் கடலுயிரியைச் சூழ்ந்து படிவு இறுகி உருவானவை என்று கூறவே, பிழை திருந்திற்று. அறிகுறியைத் தவறாக வாசித்தால் கல்லே நம்மைத் திருத்தும். சீட்டை எவ்வாறு வாசித்தாலும் அதைத் திருத்தும் ஆற்றல் எதற்கும் இல்லை. தேர்தல் முடிவு வந்தபின் எந்தக் கிளியின் சீட்டும் கட்டிலிருந்து நீக்கப்படுவதில்லை.

காத்திருப்போரின் காது

இவ்வளவும் சொன்ன பின்னர், நம் விமரிசனம் அத்துடன் நின்றுவிடுமானால் அது பாதி உண்மையே. குறி கேட்பவரின் அறியாமையைப் பேசுகிறோம். அவருடைய தனிமையைப் பேசுவதில்லை.

சங்க இலக்கியமான முல்லைப்பாட்டின் தொடக்கம் நினைவுக்கு வருகிறது. தலைவன் போருக்குச் சென்றுவிட்டான். பிரிந்திருக்கும் தலைவிக்காக முதிய பெண்டிர் ஊருக்கு வெளியே சென்று, நெல்லும் முல்லையும் தூவி, விரிச்சி கேட்டு நிற்கின்றனர். தாய்ப்பசுவைக் காணாது கலங்கும் கன்றிடம் ஆயர்மகள் ஒருத்தி, உன் தாய் இப்பொழுதே வந்துவிடுவாள் என்ற பொருள்படச் சொல்வது அவர்கள் காதில் விழுகிறது. அதை நற்சொல்லாகக் கொண்டு வந்து தலைவியைத் தேற்றுகின்றனர். அவள் கண்ணீரோ நிற்கவில்லை. வெள்ளாற்றின் கரையிலுள்ள லெப்பைக்குடிக்காட்டிலோ வி.களத்தூரிலோ வாழும் ஒரு பெண்ணுக்கு இக்காட்சியை விளக்க வேண்டியதில்லை. போர்க்களத்துக்குப் பதிலாக வளைகுடா. விசா வருமா, வேலை நிலைக்குமா, இவ்வாண்டேனும் விடுப்பு கிட்டுமா என்ற கேள்விகளோடு ஆண்டுகளைக் கழிக்கும் இல்லங்கள் நம் ஊர்களில் எண்ணற்றவை.

நபிகளார் (ஸல்) இந்த மனநிலையை அறியாதவர்கள் அல்லர். தீச்சகுனம் பார்ப்பதை மறுத்த அவர்கள், ஃபால் என்பதில் தமக்கு விருப்பமானது நல்ல சொல் என்று கூறினார்கள். ஹுதைபிய்யாவில் குறைஷியர் தூதராக சுஹைல் வந்தபோது, எளிமை என்ற பொருள் தொனிக்கும் அப்பெயரைக் கொண்டு, காரியம் எளிதாயிற்று என்று தோழர்களை ஊக்கினார்கள். அங்கே குறி கேட்பதில்லை. முடிவைச் சொல்லிடம் ஒப்படைப்பதில்லை. தானே வந்த நற்சொல்லால் உள்ளம் தளராது நிமிர்கிறது, அவ்வளவே. மனிதருக்கு நற்சொல் தேவை என்பதை மார்க்கம் ஒப்புக்கொள்கிறது. அந்த நற்சொல்லைச் சொல்ல நம்மிடையே யார் இருக்கிறார்கள் என்பதே கேள்வி.

குறிகாரரிடம் சென்று கேட்பவரின் நாற்பது இரவுத் தொழுகை ஏற்கப்படாது என்ற முஸ்லிம் தொகுப்பின் நபிமொழியை நாம் மேடைகளில் எடுத்துரைக்கிறோம், எடுத்துரைக்கவும் வேண்டும். ஆனால், அந்தக் குறிகாரர் அப்பெண்ணின் எதிரே அரைமணி நேரம் அமர்ந்து கேட்டார் என்பதையும் உடன் சொல்ல வேண்டும். நம் ஜமாஅத் நிர்வாகத்தில் அவளுக்கு அந்த அரைமணி நேரம் கிடைக்குமா? அவளது மணமுறிவு வழக்கு அவளின்றியே பேசப்படும் இடங்கள் எத்தனை? 2000களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையை மையமாகக் கொண்டு பெண்கள் ஜமாஅத் ஒன்று எழுந்தபோது நம்மிடையே மறுப்புகள் பல எழுந்தன. அதன் நிலைப்பாடுகளை ஏற்பவரும் மறுப்பவரும் ஓர் உண்மையை ஒப்புக்கொண்டே ஆகவேண்டும்: தம் முறையீட்டைக் கேட்கக் காது தேடி அலைந்த பெண்கள் இருந்தனர் என்பதால்தான் அது எழுந்தது. கணவர் மீதான முறையீட்டோடு நபிகளாரிடம் வந்து வாதிட்ட பெண்ணின் சொல்லை அல்லாஹ் செவியேற்றான் என்றே 'முஜாதலா' என்னும் ஒரு முழு அத்தியாயம் தொடங்குகிறது. அல்லாஹ் செவியேற்ற குரலுக்கு நாம் செவி மறுத்தால், அக்குரல் சீட்டுக்காரரின் திரையைத்தான் நாடும்.

இஸ்திகாரா எதைத் தருகிறது

எஞ்சியிருப்பது நம் சொந்த மருந்து. எல்லாக் காரியங்களிலும் இஸ்திகாராவை, குர்ஆனின் அத்தியாயத்தைக் கற்பிப்பதுபோல் நபிகளார் எங்களுக்குக் கற்பித்தார்கள் என்று ஜாபிர் (ரலி) அறிவிக்கிறார்கள். கடமையல்லாத இரண்டு ரக்அத் தொழுகை. பின் ஒரு பிரார்த்தனை. இறைவா, நீ அறிந்தவன், நான் அறியாதவன். இது என் மார்க்கத்துக்கும் வாழ்வுக்கும் முடிவுக்கும் நலமாயின் எனக்கு இதை எளிதாக்கு. அன்றேல் இதை என்னைவிட்டும், என்னை இதைவிட்டும் திருப்பிவிட்டு, நலம் எங்கிருந்தாலும் அதை எனக்கு விதித்து, அதில் என்னை மனநிறைவு கொள்ளச் செய் என்பது அதன் சாரம்.

இதில் கனவு பற்றிய பேச்சே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். வெள்ளையும் பச்சையும் தெரிந்தால் நலம், கறுப்பும் சிவப்பும் தெரிந்தால் தீது என்ற கணக்கு நபிமொழியில் இல்லை. ஹஜ்ரத் ஒருவரிடம் பெயரையும் தாய் பெயரையும் எழுதிக் கொடுத்துவிட்டு, அவர் நமக்காக இஸ்திகாரா செய்து ஆகும், ஆகாது என்று சொல்லக் காத்திருப்பதும் இல்லை. இஸ்திகாராவுக்குப் பின் உள்ளம் எதில் விரிவடைகிறதோ அதைச் செய்யலாம் என்றார்கள் இமாம் நவவீ (ரஹ்). எதைச் செய்தாலும் செய்யட்டும், நிகழ்வதே நலம் என்ற கருத்தைக் கூறினார்கள் இமாம் இஸ்ஸுத்தீன் பின் அப்திஸ்ஸலாம் (ரஹ்). இருவர் கருத்தும் வேறுபடினும், செயல் கேட்டவருடையதே என்பதில் வேறுபாடில்லை.

இங்கேதான் இஸ்திகாராவுக்கும் சீட்டுக்கும் உள்ள உண்மையான எல்லைக்கோடு இருக்கிறது. சீட்டு விடை தந்து பொறுப்பை வாங்கிக்கொள்கிறது. இஸ்திகாரா விடை தராமல் பொறுப்பை நம்மிடமே விட்டுவைக்கிறது. முடிவைத் தாங்கும் வலிமையை மட்டும் தருகிறது. மணமகன் வீட்டாரை விசாரிக்காமல், பெண்ணின் விருப்பத்தைக் கேட்காமல், இஸ்திகாராவில் நன்றாக வந்தது என்று நிக்காஹ் முடித்துவிட்டு, இல்லறம் முறிந்தபின் எல்லாம் விதி என்று கூறுவோமானால், நாம் செய்தது இஸ்திகாரா அன்று. தொழுகை விரிப்பின் மீது வைத்துச் சீட்டு எடுத்திருக்கிறோம். பெண்ணைக் கேட்பதும், அயலாரை விசாரிப்பதும், அறிந்தோருடன் கலந்தாய்வதும் இஸ்திகாராவுக்கு மாற்றல்ல, அதன் உடன்பிறப்புகள். கலந்தாய்ந்து, உறுதி கொண்டபின் அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்டுமாறு ஆலு இம்ரான் அத்தியாயம் நபிகளாருக்கே கட்டளையிடுகிறது. முதலில் கலந்தாய்வு, அடுத்து உறுதி, அதன் பின்னரே தவக்குல் என்ற வரிசை அதில் தெளிவாக உள்ளது.

மறைவானவற்றின் திறவுகோல்கள் தன்னிடமே உள்ளன என்று அல்லாஹ் கூறுவதை, மனிதரை அறியாமையில் வைக்கும் தடையாகச் சிலர் காண்கின்றனர். நாம் அதை அருளாகக் காண்கிறோம். நாளை மறைந்திருப்பதால்தான் இன்று நாம் எடுக்கும் முடிவுக்கு மதிப்பு உண்டு; வாக்குக் கொடுப்பதற்கும் காப்பதற்கும், தவறுவதற்கும் திருந்துவதற்கும் இடம் உண்டு. மம்லூக் கைவினைஞன் அழகிய எழுத்தால் தீட்டிய அந்தச் சீட்டுகளில் எவர் விதியும் எழுதப்பட்டிருக்கவில்லை. அதில் விதியை எழுதிப் படித்தவர்கள் பின்னால் வந்தவர்கள். அவர்களை நாடிச் செல்லும் நம் சகோதரியைத் தடுத்து நிறுத்துமுன், அவளுடைய கேள்வி என்ன என்று நாம் ஒருமுறை உட்கார்ந்து கேட்போம். அக்கேள்விகளிற் பலவற்றுக்கு விடை மறைவுலகில் இல்லை. நம் கையிலேயே இருக்கிறது.